சேனுக்கு எத்தனை ஸ்விட்ச், அவற்றை எப்படிக் கோப்பது

சேன் என்பது சர்வர்களையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் தனி நெட்வொர்க். புதிதாக ஸ்டோரேஜ் வாங்கும்போது எத்தனை டெராபைட், ஃப்ளாஷா இல்லையா என்று ஒரு மாதம் பேசுவார்கள். சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவில் உட்காரப்போகும் ஸ்விட்ச் மட்டும் பர்ச்சேஸ் ஆர்டர் போகும் நாளில்தான் ஞாபகத்துக்கு வரும். அப்போது யாராவது வெள்ளைப் பலகையில் நாலு சதுரம் போட்டு, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கோடு இழுத்து இணைத்து, இதுதான் பாதுகாப்பு என்பார். படம் நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஒன்றைக் கோத்து மூன்று வருஷம் பராமரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முக்கால்வாசி இடங்களுக்கு அது வேண்டியதே இல்லை.

இங்கே நான் பேசுவது ஃபைபர் சேனல் சேன். ஸ்டோரேஜை ஈதர்நெட் வழியாக இணைக்கும் ஐஸ்கஸி வைத்திருப்பவர்களுக்கும் பாதி விஷயம் பொருந்தும், அவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி கடைசியில் இருக்கிறது.

எந்த வடிவம் என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை முடிவு செய்துவிடுங்கள்: ஃபேப்ரிக், அதாவது ஒன்றாக இயங்கும் ஸ்விட்சுகளின் தொகுப்பு, இரண்டு. ஏ ஒன்று, பி ஒன்று. ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு எச்பிஏ (சேனோடு இணைக்கும் அடாப்டர் கார்டு) போர்ட், ஒன்று ஏவுக்கு, ஒன்று பிக்கு. ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலரிலிருந்தும் பாதிப் போர்ட் ஏவுக்கு, பாதி பிக்கு. இந்த இரண்டு ஃபேப்ரிக்குக்கும் நடுவில் ஒரு கேபிள்கூடப் போகக்கூடாது. ஏன் என்றால், ஒரு ஃபேப்ரிக்குக்குள் இருக்கும் ஸ்விட்சுகள் எல்லாம் ஜோனிங் தகவல் (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற விதி), பெயர்ப் பட்டியல், ரூட்டிங் எல்லாவற்றையும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்பவை. யாராவது ஒரு ஸ்விட்சில் உட்கார்ந்து தப்பான ஜோன் கான்ஃபிகரேஷனை எனேபிள் செய்தால் அது அந்த ஃபேப்ரிக் முழுக்கப் பரவும். ஸ்விட்ச் எரிந்துபோவது அபூர்வம், மனிதன் தப்பு செய்வது வாராவாரம் நடக்கும். இரண்டாவது ஃபேப்ரிக்கைப் போடுவதே முக்கியமாக அந்த மனிதனுக்காகத்தான்.

இது தெரியாமல், ராத்திரி ஷிஃப்டில் இருந்த ஒரு தம்பி, கூடுதல் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நினைத்து ஏ ஸ்விட்சையும் பி ஸ்விட்சையும் ஒரு பேட்ச் கேபிளால் இணைத்துவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை. நல்லவேளை, இரண்டு பக்கமும் எனேபிள் ஆகியிருந்த ஜோன் கான்ஃபிகரேஷன் வேறு வேறாக இருந்ததால் அவை சேர மறுத்து, அந்தப் போர்ட் மட்டும் செக்மென்ட் ஆகி, அதாவது இணையாமல் பிரிந்து, நின்றது. சேர்ந்திருந்தால் அன்றைக்கே எதுவும் ஆகியிருக்காது, அதுதான் இதில் மோசம். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு தப்பு இரண்டு பக்கத்தையும் சேர்த்து அடித்திருக்கும்.

இன்னொன்று, இரண்டு ஃபேப்ரிக் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் எண்பது சதவீதம் நிரப்பி ஓட்டினால் அது பாதுகாப்பே இல்லை. ஒன்று விழுந்தால் மற்றது முழுப் பாரத்தையும் தனியாகச் சுமக்க வேண்டும். ஆக ஒவ்வொரு பக்கமும் உச்ச நேரத்தில் பாதிக்குக் கீழே இருக்கவேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இங்கே அளவு இந்தப் பாதிதான்.

சரி, இப்போது பேப்பர் எடுங்கள். வடிவத்தை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள், போர்ட்டை எண்ணுங்கள். ஒரு ஃபேப்ரிக்குக்கு மட்டும் எண்ணினால் போதும், மற்றது அதன் நகல்.

ஒரு உதாரணம். 40 சர்வர், இரண்டு ஸ்டோரேஜ் பெட்டி, ஒவ்வொன்றிலும் 8 போர்ட், கொஞ்சம் பேக்கப் சாமான். ஒரு ஃபேப்ரிக்கில் சர்வருக்கு 40, ஸ்டோரேஜுக்கு 8, பேக்கப் சர்வருக்கும் டேப் லைப்ரரிக்கும் சேர்த்து 4. மொத்தம் 52. 64 போர்ட் ஸ்விட்ச் ஒரே ஒரு யூனிட் உயரத்தில் கிடைக்கிறது, பிரோகேட் ஜி620, ஜி720 எல்லாம் அந்த ரகம். ஆக ஏவுக்கு ஒன்று, பிக்கு ஒன்று, மொத்தம் இரண்டே ஸ்விட்ச். 12 போர்ட் காலி. ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் கேபிளே இல்லை, எனவே அதன் நெரிசலும் இல்லை, டொமைன் ஐடி (ஃபேப்ரிக்கில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் உள்ள எண்) சண்டையும் இல்லை. எந்த சர்வரிலிருந்து எந்த ஸ்டோரேஜுக்குப் போனாலும் தூரம் ஒன்றுதான்.

இதைச் சொன்னால், இவ்வளவுதானா என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள். ஆமாம், இவ்வளவுதான். 52 போர்ட்டுக்கு ஃபேப்ரிக்குக்கு மூன்று 24 போர்ட் ஸ்விட்சாக வாங்கிச் சேர்த்துக் கட்டுவதைவிட ஒரு பெரிய ஸ்விட்ச் எப்போதும் மேல். சின்னது விலை குறைவாகத் தெரியும். இணைப்புக்குப் போகும் போர்ட், அந்தப் போர்ட்டுக்கு வேண்டிய எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் ஒளி மாட்யூல்), அதற்கான லைசென்ஸ் எல்லாம் கூட்டினால் அந்த லாபம் கரைந்துவிடும். விலைப்பட்டியல் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: ஸ்விட்சில் 64 துளை இருக்கும், ஆனால் அடிப்படை விலைக்கு அதில் 24தான் திறந்திருக்கும், மீதிக்கு லைசென்ஸ் வாங்கவேண்டும். எத்தனை போர்ட் ஆக்டிவ், எத்தனை எஸ்எஃப்பி சேர்த்து வருகிறது என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். அப்புறம் மிகச் சின்ன மாடல்களில் பவர் சப்ளை ஒன்றுதான் இருக்கும், கழற்றவும் முடியாது. இரண்டு ஃபேப்ரிக் இருப்பதால் அதில் குடி முழுகிப்போகாது, ஆனாலும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

ஒரு ஸ்விட்ச் போதவில்லை என்றால்தான் வடிவம் என்ற பேச்சே வருகிறது.

இரண்டாவது ஸ்விட்ச் வந்ததும் நடுவில் ஐஎஸ்எல் வருகிறது, அதாவது ஸ்விட்சிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் கேபிள். வடிவம் பற்றிய எல்லா விவாதமும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: அந்தக் கேபிளில் எவ்வளவு போகப்போகிறது?

வரிசையாகக் கோர்ப்பது, அதாவது முதல் ஸ்விட்சிலிருந்து இரண்டாவது, அதிலிருந்து மூன்றாவது. யாரும் திட்டம் போட்டு இதைச் செய்வதில்லை, தானாக வளர்ந்து வந்து இப்படி நிற்கும். நடுவில் ஒரு இணைப்பு அறுந்தால் ஃபேப்ரிக் இரண்டாகப் பிளக்கும். கடைசி ஸ்விட்சில் இருப்பவர்களின் போக்குவரத்து எல்லாம் நடுவில் இருப்பவர்களின் கேபிள் வழியாகத்தான் போகவேண்டும். இரண்டு ஸ்விட்ச் வரை சரி, அதற்கு மேல் வேண்டாம்.

வளையம், அதாவது கடைசியை முதலோடு இணைத்துவிடுவது, அறுந்தால் வேறு பக்கமாகச் சுற்றிப் போகும் என்ற அளவில் கொஞ்சம் மேல். ஈதர்நெட்டிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்தால் லூப் ஆகாதா என்று பதறுவார்கள். ஆகாது. ஃபைபர் சேனலில் லூப் வராமல் சில இணைப்புகளை முடக்கும் ஸ்பேனிங் ட்ரீ கிடையாது, எஃப்எஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் முறை குறைந்த செலவுள்ள பாதையைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளும், எந்த இணைப்பையும் முடக்கி வைக்காது. ஆனாலும் வளையத்தில் புதிதாக ஒரு ஸ்விட்ச் சேர்க்க வேண்டுமானால் ஓடிக்கொண்டிருக்கும் வளையத்தை ஒரு இடத்தில் பிரித்துத்தான் ஆகவேண்டும். நான் போடமாட்டேன்.

இப்போது அந்தச் சிலந்தி வலை, ஃபுல் மெஷ். எல்லா ஸ்விட்சும் எல்லா ஸ்விட்சோடும். நாலு ஸ்விட்ச் என்றால் ஜோடி 6. எட்டு ஸ்விட்ச் என்றால் ஜோடி 28, ஒரு ஜோடிக்கு ஒரே ஒரு கேபிள் போட்டாலே 56 போர்ட் இணைப்புக்கு மட்டும் போய்விடும், இரண்டு போட்டால் 112. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். போர்ட் செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதில் பலருக்குத் தெரியாத சிக்கல் வேறு. நிறைய வழி இருப்பதால் ஒன்று நிரம்பினால் இன்னொன்றில் போய்விடும் என்று நினைக்கிறோம், இல்லையா? போகாது. முதல் ஸ்விட்சிலிருந்து இரண்டாவதற்கு நேராக ஒரு கேபிள் இருக்கும்வரை எஃப்எஸ்பிஎஃப்புக்கு அதுதான் குறைந்த செலவு. அந்தக் கேபிள் பிதுங்கி வழிந்தாலும், மூன்றாவது ஸ்விட்ச் வழியாகச் சுற்றிப் போகும் பாதை சும்மா கிடந்தாலும், போக்குவரத்து நேர்க் கேபிளிலேதான் நிற்கும். எஃப்எஸ்பிஎஃப் நெரிசலைப் பார்ப்பதில்லை. மற்ற வழிகள் எல்லாம் நேர்வழி முழுசாக அறுந்தால்தான் உதவும். இதை நான் கற்றுக்கொண்டது பாதிக் கேபிள்கள் தூங்கிக்கொண்டிருக்க ஒரு ஜோடி மட்டும் தொண்ணூறு சதவீதத்தில் நின்ற ஒரு கிராஃபைப் பார்த்துத்தான்.

மெஷ்ஷுக்கும் ஒரு நியாயமான இடம் உண்டு. ஒவ்வொரு ஸ்விட்சிலும் அதன் சர்வர்களும் அவற்றுக்கான ஸ்டோரேஜும் பக்கத்திலேயே இருந்து, எப்போதாவது மட்டும் குறுக்கே போகவேண்டியிருந்தால், மூன்று நாலு ஸ்விட்ச் வரை மெஷ் சரிதான். ஆனால் சர்வர் ஒரு ஸ்விட்சில் ஸ்டோரேஜ் வேறு ஸ்விட்சில் என்று கலந்து கிடக்கும் இடத்தில் அது கஷ்டம். விஎம்வேர் மாதிரி வர்ச்சுவலைசேஷன் வந்த பிறகு எல்லா ஹோஸ்ட்டுக்கும் எல்லா லன்னும் (ஸ்டோரேஜிலிருந்து பிரித்துக் கொடுக்கும் டிஸ்க் பகுதி) தெரியவேண்டியிருக்கிறது, எனவே பக்கத்துப் பக்கத்தில் வைப்பது பெரும்பாலும் நடக்காது.

மீதி இருப்பது கோர்-எட்ஜ். நடுவில் ஒன்றோ இரண்டோ கோர் ஸ்விட்ச், அதில் ஸ்டோரேஜ். ஓரத்தில் எட்ஜ் ஸ்விட்சுகள், அவற்றில் சர்வர்கள். எட்ஜும் எட்ஜும் தங்களுக்குள் இணையாது, எல்லாம் கோருக்கு மட்டும்தான். எந்த சர்வரிலிருந்தும் ஸ்டோரேஜுக்கு ஒரே ஒரு தாவல். சேனில் டேட்டா போகும் வழியே சர்வரிலிருந்து ஸ்டோரேஜ், ஸ்டோரேஜிலிருந்து சர்வர்தான், சர்வரும் சர்வரும் இதில் பேசிக்கொள்வதில்லை. ஆக எட்ஜுக்கும் எட்ஜுக்கும் நடுவில் கேபிள் போடுவது ஆளே போகாத ஊருக்கு ரோடு போடுவது மாதிரி.

இதையும் எண்ணிப் பார்ப்போம். 120 சர்வர், நாலு ஸ்டோரேஜ் பெட்டி. ஒரு ஃபேப்ரிக்கில் சர்வர் 120, ஸ்டோரேஜ் 16, பேக்கப் 8, மொத்தம் 144. மூன்று 48 போர்ட் எட்ஜ், ஒவ்வொன்றிலும் 40 சர்வர், மீதி 8 போர்ட் கோருக்கு. கோர் ஒரு 64 போர்ட் ஸ்விட்ச், அதில் மூன்று எட்ஜிலிருந்தும் வரும் 24, ஸ்டோரேஜும் பேக்கப்பும் 24, ஆக 48 போய் 16 காலி. சர்வர் கூடினால் நாலாவது எட்ஜ் வாங்கி அந்தக் காலிப் போர்ட்டில் 8 எடுத்துச் செருகினால் போயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் எதையும் கழற்றவேண்டியதில்லை.

நெரிசல் கணக்கு: ஒரு எட்ஜில் 40 சர்வர், எல்லாம் 16 ஜிகாபிட் எச்பிஏ என்றால் 640. மேலே போகும் வழி 8 போர்ட், 32 ஜிகாபிட் வீதம் 256. இரண்டரைக்கு ஒன்று. பழைய காலத்துக் கணக்கு ஏழுக்கு ஒன்று வரை போகலாம் என்று சொல்லும், ஏனென்றால் எல்லா சர்வரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் எழுதுவதில்லை. அது டிஸ்கின் வேகம் சர்வரை இழுத்துப் பிடித்த காலம். ஃப்ளாஷ் வந்து, ஒரே ஹோஸ்டில் முப்பது விஎம் (வர்ச்சுவல் மெஷின்) ஓடும் நாளில் நான் நாலுக்கு ஒன்றைத் தாண்டமாட்டேன். எதிர்ப்பக்கத்தையும் பார்க்கவேண்டும்: 16 ஸ்டோரேஜ் போர்ட் 32 வீதம் தள்ளக்கூடியது மொத்தமே 512. மூன்று எட்ஜுக்கும் நாம் போட்டிருக்கும் வழி 768. ஸ்டோரேஜால் தள்ளமுடியாத அளவுக்கு ரோடு போட்டிருக்கிறோம். எட்ஜுக்கு 6 கேபிள் போட்டாலும் 576 வருகிறது, சர்வர் பக்கக் கணக்கு மூன்றேகாலுக்கு ஒன்று பக்கம் நிற்கும், எட்ஜில் இரண்டு போர்ட் மிச்சம். இப்படி இரண்டு பக்கமும் போட்டுப் பார்க்காமல் யாரோ சொன்ன விகிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் காசு வீண்.

இதே 144 போர்ட்டை நாலு 48 போர்ட் ஸ்விட்ச் மெஷ்ஷாகப் போட்டு, ஜோடிக்கு இரண்டு கேபிள் கொடுத்தால் 24 போர்ட்தான் செலவு, பேப்பரில் மலிவு. ஆனால் நாற்பது சர்வர் பக்கத்து ஸ்விட்சில் இருக்கும் ஒரு ஸ்டோரேஜைத் தேடிப் போகும்போது கிடைப்பது 64 ஜிகாபிட், பத்துக்கு ஒன்று. அந்தப் பத்துக்கு ஒன்று எந்தக் கொட்டேஷனிலும் எழுதியிருக்காது.

அந்த ஐஎஸ்எல்களைத் தனித்தனிக் கேபிளாக விடாதீர்கள், ட்ரங்க் செய்யுங்கள், அதாவது பலவற்றை ஒரே இணைப்பாகச் சேருங்கள். பிரோகேடில் ஒரே போர்ட் குழுவில் இருக்கும் அடுத்தடுத்த போர்ட்டுகள், அதிகபட்சம் 8, ஒரு ட்ரங்க் ஆகும். சிஸ்கோவில் போர்ட் சேனல், 16 வரை. பிரோகேட் ட்ரங்கில் கேபிள் நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் வித்தியாசம் 30 மீட்டருக்குள் இருக்கட்டும். எட்டையும் ஒரே ட்ரங்காகப் போடுவதைவிட வேறு வேறு போர்ட் குழுவில் நாலு நாலாக இரண்டு போடுவது எனக்குப் பிடிக்கும், ஒரு குழுவில் கோளாறு வந்தால் மற்றது ஓடும். எந்தப் போர்ட் எந்தக் குழு என்பது மாடலுக்கு மாடல் மாறும், கேபிள் செருகுவதற்கு முன்னால் அந்த மாடலின் ஹார்டுவேர் கையேட்டைத் திறந்து பாருங்கள். சர்வரை எல்லாம் செருகி முடித்த பிறகு பார்த்தால் குழுவில் இடம் இருக்காது.

பிளேடு எனப்படும் போர்ட் கார்டுகளைச் செருகும் ஒரே பெரிய ஸ்விட்சான டைரக்டர் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்கலாம். நியாயம்தான். பிரோகேட் எக்ஸ்7-4இல் நாலு பிளேடு, பிளேடுக்கு 48, ஆக 192 போர்ட். நம் 144 அப்படியே அடங்கிவிடும், ஐஎஸ்எல் ஒன்றுகூட இல்லை. எட்டு பிளேடு உள்ளதிலும் சிஸ்கோ எம்டிஎஸ் 9710இலும் 384 வரை போகலாம். கன்ட்ரோல் கார்டு இரண்டு, ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும். 200 போர்ட்டுக்கு மேல் போகப்போவது நிச்சயம், அதுவும் ரேக்குகள் எல்லாம் ஒரே ஹாலில் என்றால் டைரக்டர் வாங்குங்கள், பின்னால் வருத்தப்படமாட்டீர்கள். நிச்சயமில்லை என்றால் காலி ஸ்லாட்டுக்காகப் பெரிய பெட்டிக்கு இப்போதே காசு கொடுக்கிறோம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொரு தொல்லை, ஒவ்வொரு சர்வர் ரேக்கிலிருந்தும் நீளமான ஃபைபர் டைரக்டர் ரேக்குக்கு ஓடவேண்டும். கோர்-எட்ஜில் எட்ஜ் ஸ்விட்ச் சர்வர் ரேக்கிலேயே உட்கார்ந்துகொள்ளும், வெளியே போவது எட்டு கேபிள்தான்.

பிளேடு சர்வர் சேசிஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளே இருக்கும் குட்டி ஸ்விட்சை முழு ஸ்விட்சாக ஓட்டாதீர்கள். பிரோகேடில் ஆக்சஸ் கேட்வே, சிஸ்கோவில் என்பிவி என்று ஒரு மோடு இருக்கிறது. அதில் போட்டால் அது டொமைன் ஐடி எடுத்துக்கொள்ளாது, ஜோனிங் பகிர்வில் கலந்துகொள்ளாது, கோருக்குப் பல சர்வர் ஒரே கேபிளில் வந்த மாதிரி தெரியும். கோரில் என்பிஐவி (ஒரே போர்ட்டில் பல சர்வர் முகவரியை ஏற்கும் வசதி) ஆன் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு இன்னொரு நன்மை, சேசிஸில் ஒரு கம்பெனி ஸ்விட்சும் கோரில் வேறு கம்பெனி ஸ்விட்சும் இருந்தாலும் வேலை செய்யும். முழு ஸ்விட்சாக இரண்டு கம்பெனியையும் ஒரே ஃபேப்ரிக்கில் கலப்பது வேறு கதை, அந்தப் பக்கமே போகவேண்டாம்.

இப்போது மெதுவாக வடிக்கும் சாதனம் பற்றி, இதுதான் வடிவத் தேர்வை நிஜமாகச் சோதிக்கும் விஷயம். ஃபைபர் சேனலில் எதிர்ப்பக்கம் பஃபர் காலி என்று கிரெடிட் கொடுத்தால்தான் அடுத்த ஃபிரேமை (டேட்டாத் துண்டை) அனுப்பமுடியும். கல்யாணப் பந்தி மாதிரி. உட்கார்ந்திருப்பவர் எழுந்து இலை எடுத்தால்தான் அடுத்தவர் உட்காரலாம். ஒரு சர்வர் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதன் ஃபிரேம்கள் எட்ஜ் ஸ்விட்சில் தேங்கும், அப்புறம் ஐஎஸ்எல்லில் தேங்கும், அந்த ஐஎஸ்எல்லில் பின்னால் நிற்கும் நல்ல சர்வர்களும் காத்துக் கிடக்கும். எங்கள் இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் மெதுவாகிவிடும். இரண்டு வாரம் ஸ்டோரேஜைத் திட்டினோம். கடைசியில் பார்த்தால் எட்ஜில் இருந்த ஒரு பேக்கப் சர்வர், எச்பிஏ 8 ஜிகாபிட், எட்டு 32 ஜிகாபிட் ஸ்டோரேஜ் போர்ட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் படித்துக்கொண்டிருந்தது. 32இல் வருவதை 8 எப்படி விழுங்கும்? அதைக் கோருக்கு மாற்றி, எச்பிஏ மாற்றி, அதற்கென்று இரண்டு ஸ்டோரேஜ் போர்ட்டை மட்டும் ஜோன் செய்ததும் அடங்கியது.

எனவே விதி எளிது: நிறைய இழுக்கும் சாதனங்கள், பேக்கப், டேப், பெரிய டேட்டாபேஸ் சர்வர் எல்லாம் ஸ்டோரேஜ் இருக்கும் ஸ்விட்சிலேயே. வேகம் குறைந்த பழைய சர்வர்களுக்கு முடிந்தால் தனி ஸ்டோரேஜ் போர்ட். ஐஎஸ்எல் போர்ட்டில் டிரான்ஸ்மிட் கிரெடிட் பூஜ்யமாக இருந்த நேரத்தைக் காட்டும் கவுன்டரை வாரம் ஒருமுறை பாருங்கள், அது ஏறிக்கொண்டே போனால் கேபிள் கூட்டுவதற்கு முன்னால் யார் வடிக்கவில்லை என்று தேடுங்கள். வடிகால் அடைத்திருக்கும்போது குழாயை எவ்வளவு அகலமாக்கினாலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

வேகம் பற்றிப் பேசும்போதே எஸ்எஃப்பி. 32 ஜிகாபிட் எஸ்எஃப்பி 16க்கும் 8க்கும் இறங்கிவரும், 4க்கு வராது. 64 எஸ்எஃப்பி 32, 16 வரைதான். ஓரத்தில் ஒரு பழைய 4 ஜிகாபிட் டேப் லைப்ரரி இருந்தால் அதற்கு 16 ஜிகாபிட் எஸ்எஃப்பி வேண்டும், அதையும் அந்த ஸ்விட்ச் ஏற்குமா என்று பார்க்கவேண்டும். புது ஸ்விட்ச் வந்து இறங்கிய அன்று இது தெரியவந்தால் முகத்தில் ஈயாடாது.

கேபிள் தூரமும் அப்படித்தான். ஓஎம்3 ஃபைபரில் 8 ஜிகாபிட் 150 மீட்டர் போகும், 16 ஜிகாபிட் 100, 32 ஜிகாபிட் 70தான். ஓஎம்4 என்றால் முறையே 190, 125, 100. பழைய கேபிளிலேயே புது ஸ்விட்சை ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் ஹால் நீளத்தை அளந்துகொள்ளுங்கள், பேட்ச் பேனல் வழியாகப் போனால் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கனெக்டர் முனையைத் துடைக்காமல் செருகுவதால் வரும் எரரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். துடைக்கும் பேனா ஒன்று வாங்கி ரேக்கில் தொங்கவிடுங்கள்.

டொமைன் ஐடியை ஸ்விட்ச் தானாக எடுத்துக்கொள்ள விடாதீர்கள், நீங்களே எழுதிக் கொடுங்கள். 1 முதல் 239 வரை எதுவும் ஆகலாம். நான் ஏவுக்கு ஒற்றைப்படை, பிக்கு இரட்டைப்படை வைப்பேன், லாகில் ஒரு முகவரியைப் பார்த்ததும் எந்தப் பக்கம் என்று தெரியும். பிரோகேட் பெட்டியிலிருந்து வரும்போது எல்லாவற்றிலும் 1தான் இருக்கும், அப்படியே ஃபேப்ரிக்கில் செருகினால் மோதி, செக்மென்ட் ஆகும். பழைய ஸ்விட்சை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதானால் அதில் இருக்கும் ஜோனிங்கை முழுசாக அழித்து, சேமித்து, புது டொமைன் ஐடி கொடுத்து, ஃபர்ம்வேர் சமமாக்கி, அப்புறம்தான் கேபிள்.

ஜோன் பற்றி ஒரே வரி: ஒரு ஜோனில் ஒரு எச்பிஏ, அதற்கு வேண்டிய ஸ்டோரேஜ் போர்ட்டுகள், அவ்வளவே, பெயர் பார்த்தால் சர்வர் தெரியவேண்டும்.

இரண்டாவது டேட்டா சென்டர் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கணக்கு மாறுகிறது. முழு அளவு ஃபிரேமுக்கு, 8 ஜிகாபிட்டில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 கிரெடிட், 16இல் 8, 32இல் 16. ஆக 20 கிலோமீட்டருக்கு 32 ஜிகாபிட் என்றால் 320 கிரெடிட், நிஜத்தில் ஃபிரேம்கள் சின்னதாக இருப்பதால் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண லாங் வேவ் எஸ்எஃப்பி 10 கிலோமீட்டர்தான், அதற்கு மேல் 25 கிலோமீட்டர் ரகமோ ஒரே ஃபைபரில் பல ஒளி அலைகளை அனுப்பும் டிடபிள்யூடிஎம் கருவியோ வேண்டும். ஒளி ஃபைபரில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோவினாடி எடுக்கும், போய்வர 200 மைக்ரோவினாடி, இரண்டு இடத்திலும் எழுதிய பிறகே பதில் சொல்லும் சின்க்ரனஸ் ரெப்ளிகேஷன் ஒரு எழுதலுக்கு இரண்டு தடவை போய்வந்தால் 400. ஃப்ளாஷ் ஸ்டோரேஜ் தருவதே அந்த அளவுதான் என்பதால் பயன்பாட்டுக் குழுவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, இரண்டு ஊர் ஸ்விட்சுகளையும் ஒரே ஃபேப்ரிக்காக ஒட்டாதீர்கள். ரெப்ளிகேஷன் போர்ட்டுகளுக்கு மட்டும் தனி ஃபேப்ரிக்கோ, சிஸ்கோ என்றால் ஸ்விட்சுக்குள்ளேயே பிரிக்கும் தனி விசேனோ போடுங்கள், லைன் ஆடினால் அது மட்டும் ஆடட்டும்.

ஐஸ்கஸிக்காரர்களுக்குச் சொன்ன பத்தி: நீங்களும் இரண்டு தனி ஸ்விட்ச், இரண்டு தனி சப்நெட், மல்டிபாத் (சர்வரில் இரண்டு பாதையையும் சேர்த்துக் கையாளும் மென்பொருள்). இரண்டையும் ஸ்டேக் செய்யாதீர்கள், அதாவது ஒரே ஸ்விட்ச் போலச் சேர்க்காதீர்கள். நிர்வகிக்கச் சுலபம் என்பார்கள், ஆனால் பல மாடல்களில் ஃபர்ம்வேர் ஏற்றினால் ஸ்டேக் முழுசாக ரீபூட் ஆகும், இரண்டு பாதையும் ஒரே நொடியில் போகும்.

வாங்குவதற்கு முன் ஸ்டோரேஜ் கம்பெனியின் சப்போர்ட் மேட்ரிக்ஸில் ஸ்விட்ச் மாடல், ஃபர்ம்வேர், எச்பிஏ டிரைவர் மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். ஏ ஸ்விட்ச் ஒரு ரேக், பி ஸ்விட்ச் வேறு ரேக், வேறு யுபிஎஸ். சிவப்பு லேபிள் ஏ, நீல லேபிள் பி, இரண்டு முனையிலும்.

எல்லாம் கோத்து முடித்ததும், புரொடக்‌ஷன் ஏறுவதற்கு முன்னால், நல்ல லோடு ஓட்டிக்கொண்டே ஏ பக்கக் கோரின் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்குங்கள். நிஜமாகப் பிடுங்கவேண்டும், போர்ட்டை டிஸேபிள் செய்து பார்த்தால் போதாது. எந்த சர்வர் தொங்குகிறதோ அதில் மல்டிபாத் சரியில்லை, அல்லது அதன் இரண்டு எச்பிஏவும் ஒரே பக்கம் செருகப்பட்டிருக்கிறது. 120 சர்வரில் இரண்டு மூன்று அப்படி நிச்சயம் அகப்படும். திரும்பப் பவர் கொடுத்து, எல்லாப் பாதையும் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு சர்வரிலும் எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் பி பக்கம்.